மல்லாந்து படுத்து ஜெயிப்பது எப்படி?

ஒரு புகைப்படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். என் மகள் எடுத்தது. நீல நிற ரப்பர் மெத்தை. அதன்மீது நான் மல்லாந்து கிடக்கிறேன். என் இரண்டு கால்களும் இன்னொரு மனிதரின் இடுப்பை வளைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் கணுக்காலோடு கணுக்கால் பின்னிக்கொண்டிருக்கின்றன. என் ஒரு கை அவருடைய காலரை, இன்னொரு கை அவருடைய சட்டைக் கையைப் பிடித்திருக்கிறது. அவர் முகம் என் மார்புக்கு அரையடி மேலே. இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் தொப்பை இருக்கிறது.

இதை அவள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். மதுரையிலிருந்து பெரியம்மா உடனே போன் செய்தார். 'ஏம்ப்பா, எவனோ உன்னைக் கீழ தள்ளி அமுக்குறான். சுத்தி இருக்கறவங்க எல்லாம் வேடிக்கை பாக்குறாங்களே, போலீசுக்குச் சொன்னியா?'

இல்லை பெரியம்மா, நான்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்றேன். நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆனால் அதுதான் உண்மை. அந்தப் படத்தில் மாட்டிக்கொண்டிருப்பவர் மேலே இருப்பவர்.

இந்த நிலைக்கு க்ளோஸ்டு கார்ட் என்று பெயர். பிரேசிலியன் ஜியு ஜிட்சு என்கிற மல்யுத்தக் கலையின் பாலபாடம். சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பத்து வருடம் கழித்தும் அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கும் மல்யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகை வேலைக்கு வந்தவன். இருபத்தைந்து வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்ததில் வாடகை போக மிச்சமானது சர்க்கரையும் கழுத்து வலியும்தான். மகளுக்குப் பதிமூன்று வயதானபோது ஜியு ஜிட்சு வகுப்பில் சேரவேண்டும் என்றாள். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொசுவுக்கு ரத்த தானம் செய்துகொண்டிருப்பேன். ஒரு நாள் பயிற்சியாளர், இருபத்தாறு வயதுப் பையன், எட்டிப் பார்த்தான். 'அண்ணா, ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க. ஃபேன் இருக்கு.'

ஃபேனுக்காகத்தான் உள்ளே போனேன். சத்தியம்.

முதல் மூன்று மாதங்களை விவரிக்க விருப்பமில்லை. காலேஜ் பையன்கள் என்னைச் சப்பாத்தி மாவு பிசைவதுபோலப் பிசைந்தார்கள். என் மார்பில் உட்கார்ந்தார்கள், முதுகில் ஏறினார்கள், கழுத்தை நெரித்துவிட்டு 'ஸாரி அங்கிள்' என்றார்கள். அந்த மூன்று மாதத்தில் எனக்கு மூச்சு விட முடிந்த ஒரே இடம் க்ளோஸ்டு கார்ட். கீழே விழுந்துவிட்டேன், சரி. எதிரில் இருப்பவன் இடுப்பைக் காலால் சுற்றிப் பின்னிவிட்டால் போதும். தொடையில் பலமான தசைகள் இருக்கின்றன. உடும்புப் பிடி. அவன் என்னைத் தாண்டி எங்கேயும் போகமுடியாது. என் கால்பூட்டைத் திறந்தால்தான் அவனுக்கு வாழ்க்கை.

நம் ஊர் குஸ்தியில் இது மகா பாவம். முதுகில் மண் பட்டால் ஆட்டம் முடிந்தது. 'மண்ணைக் கவ்வினான்' என்றால் தோற்றான் என்று பொருள். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிப்பவர்களைக் கேலி செய்யவே ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட நமக்கு, போட்டி ஆரம்பித்ததும் தானாகவே உட்கார்ந்து, மல்லாந்து படுத்து, 'வா' என்று கூப்பிடுவதெல்லாம் புத்தியில் ஏறவே நாளாகும். எனக்கு ஏறியது. நான்தான் ஏற்கெனவே கீழே கிடந்தேனே.

இந்த விநோதம் எப்படி வந்தது?

மிட்சுயோ மயேடா என்று ஒரு ஜப்பானியர். ஜூடோ வீரர். டோக்கியோவின் கோடோகானில் பயின்றவர். ஊர் ஊராக, நாடு நாடாகச் சண்டை போட்டுக்கொண்டே போய், 1914ல் பிரேசிலில் இறங்கினார். பிற்பாடு அமேசான் முகத்துவாரத்தில் இருக்கும் பெலெம் என்கிற ஊரில் தங்கிவிட்டார். அங்கே கார்லோஸ் கிரேஸி என்கிற பையன் அவரிடம் கற்றுக்கொண்டான். 1925ல் கார்லோஸ், ரியோ டி ஜெனிரோவில் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் திறந்தார். கார்லோஸின் கடைசித் தம்பி ஹேலியோ. 1913ல் பிறந்தவர். நோஞ்சான், படி ஏறினாலே மயக்கம் வரும், அதனால் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை மட்டும்தான் பார்ப்பார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. ஒரு நாள் அண்ணன் வரத் தாமதமாக, வந்திருந்த மாணவருக்குத் தம்பியே பாடம் எடுத்தாராம். வேடிக்கை பார்த்தே எல்லாம் மனப்பாடம். பலம் போதாத இடத்தில் நெம்புகோல் வைத்தார். தூக்கி எறிவதைக் குறைத்துக்கொண்டு, தரையில் கிடந்து தாக்குப் பிடிப்பதை வளர்த்தார்.

குடும்பக் கதைகளில் எப்போதும் கொஞ்சம் மசாலா இருக்கும். கார்டும் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஜூடோவிலேயே இருந்ததுதான். ஆனால் அதை ஒரு குடும்பத் தொழிலாக, கிட்டத்தட்ட ஒரு மதமாக ஆக்கியவர்கள் இவர்கள்.

உலகம் அதைப் பார்த்தது 1993 நவம்பரில். அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற பெயரில் முதல் போட்டி. குத்துச்சண்டைக்காரர், மல்யுத்தக்காரர், சுமோக்காரர், கராத்தேக்காரர் எல்லாரையும் ஒரு கூண்டுக்குள் விட்டு யார் மிஞ்சுகிறார் என்று பார்க்கும் ஏற்பாடு. ஹேலியோவின் மகன் ஹாய்ஸ் வந்தார். ஒல்லி. வெள்ளைப் பைஜாமா மாதிரி ஓர் உடுப்பு. ஒரே இரவில் மூன்று பேரை ஜெயித்துவிட்டுப் போனார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1994 டிசம்பரில் டல்ஸாவில் நடந்த நான்காவது போட்டியின் இறுதிச் சுற்று. எதிரில் டான் செவர்ன். மல்யுத்தச் சாம்பியன். சுமார் 118 கிலோ. ஹாய்ஸ் சுமார் 80. செவர்ன் அவரைக் கீழே தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அல்ல, பதினைந்து நிமிடம். மலைக்குக் கீழே மாட்டிய மனிதன் மாதிரி ஹாய்ஸ் மல்லாந்து கிடக்கிறார். கால்கள் மட்டும் செவர்னைச் சுற்றி. பணம் கட்டி டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து ஒளிபரப்பே நின்றுவிட்டது. அவர்கள் எல்லாரும் ஹாய்ஸ் தோற்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போயிருப்பார்கள். 15 நிமிடம் 49வது விநாடியில் செவர்ன் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஹாய்ஸின் கால்கள் முக்கோணமாக மடங்கி அவர் கழுத்தைப் பூட்டியிருந்தன.

இதையெல்லாம் யூட்யூபில் பார்த்துவிட்டு நான் எடுத்த முடிவு: பதினைந்து நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டு கிடந்தால் ஏதாவது நல்லது நடக்கும்.

தப்பான முடிவு. ஏன் தப்பு என்பதைப் போட்டி விதிகளைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

ஐ.பி.ஜே.ஜே.எஃப். என்கிற சர்வதேச அமைப்பு வகுத்த விதிகளைத்தான் பெரும்பாலான உள்ளூர்ப் போட்டிகளும் பின்பற்றுகின்றன. காமர்ஸ் படித்தவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போகும் விதிகள். நின்றுகொண்டிருப்பவரைக் கீழே வீழ்த்தினால் 2 புள்ளி. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் புரட்டிப் போட்டு மேலே வந்தால் 2. எதிராளியின் வயிற்றில் முழங்காலை ஊன்றினால் 2. அவர் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்குப் போய் அமுக்கினால் 3. மார்பில் ஏறி உட்கார்ந்தால் 4. முதுகைப் பிடித்துக் கால்களைக் கொக்கி போட்டால் 4. எதுவானாலும் மூன்று விநாடி நிறுத்திக் காட்ட வேண்டும். நடுவில் எப்போதாவது எதிராளி தட்டிவிட்டால், அதாவது 'விடு, ஒப்புக்கொள்கிறேன்' என்று கையால் தட்டிவிட்டால், கணக்குப் புத்தகத்தையே மூடிவிடலாம்.

இதில் க்ளோஸ்டு கார்டுக்கு எத்தனை புள்ளி? சைபர். அவரை உள்ளே இழுத்தால் சைபர். ஐந்து நிமிடம் உள்ளேயே வைத்திருந்தால் சைபர். சைபர் கூட இல்லை, அபராதம். இருபது விநாடி ஒன்றும் செய்யாமல் கிடந்தால் நடுவர் 'லூச்சி' என்று கத்துவார். போர்ச்சுகீஸில் 'சண்டை போடு' என்று அர்த்தம். முதல் தடவை எழுதிவைத்துக்கொள்வார். இரண்டாவது தடவை எதிராளிக்கு ஓர் 'அட்வான்டேஜ்', மூன்றாவதுக்கு 2 புள்ளி, நான்காவதுக்கு வீட்டுக்குப் போகலாம். அக்கவுன்டன்ஸியில் கன்டின்ஜென்ட் அசெட் என்று ஒன்று உண்டு. வரலாம், வராமலும் போகலாம். அதனால் பாலன்ஸ் ஷீட்டில் காட்டக்கூடாது. க்ளோஸ்டு கார்ட் அந்த ஜாதி.

அப்படியானால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் மேலே இருப்பவரை நிமிர விடக்கூடாது. அவர் முதுகை நேராக்கி உட்கார்ந்துவிட்டால் அடுத்து எழுந்து நிற்பார், நின்றால் பூட்டு திறந்துவிடும். அதனால் காலரைப் பிடித்து இழுத்து, முழங்கால்களை மார்புப் பக்கம் மடக்கி, அவரைத் தன்மீது சாய்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் வேடிக்கை. சாய்ந்தவர் விழாமலிருக்கக் கையைத் தரையில் ஊன்றினால் அந்தக் கையை முதுகுப் பக்கம் முறுக்கலாம். பின்னால் சாய்ந்து தப்பப் பார்த்தால் கூடவே எழுந்து உட்கார்ந்து இடுப்பால் இடித்துக் கவிழ்க்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்து. ஒரு கையை மட்டும் உள்ளே விட்டால் ஹாய்ஸ் போட்ட முக்கோணம். கையை நீட்டி மார்பைத் தள்ளினால் முழங்கைப் பூட்டு. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று தானாகத் திறக்கும். வாதத்தில் மனைவியிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது உடனே விளங்கும்.

2010 ஜூன் மாதம் சான் ஹோஸேயில் ஃபெடோர் எமெலியானென்கோவுக்கு இதுதான் நடந்தது. கிட்டத்தட்டப் பத்து வருடம் தோல்வியே காணாத ரஷ்யர். எதிரில் பிரேசில்காரர் ஃபாப்ரிசியோ வெர்டும். வெர்டும் விழுந்தார். ஃபெடோர் முடித்துவிடலாம் என்று பாய்ந்து அவருடைய கால்களுக்கு நடுவே போனார். விருந்தாளியை வாசலில் வரவேற்பதுபோல அந்தக் கால்கள் வரவேற்றன. 69வது விநாடியில் ஃபெடோர் தட்டினார்.

மேல்மட்டப் போட்டிகளில் இது அத்தனை சுலபமல்ல. தேர்ந்த வீரர்கள் அந்தக் கால்களுக்கு நடுவே மண்டி போடவே மாட்டார்கள். அதனால் 2010களில் இளைஞர்கள் காலைப் பின்னாமல், திறந்த நிலையில் வலை பின்னும் வித்தைகளுக்குப் போய்விட்டார்கள். க்ளோஸ்டு கார்ட் தாத்தா காலத்துச் சமாசாரம் என்ற பேச்சும் வந்தது. அந்தப் பேச்சுக்கு ஆறடி நாலங்குல உயரத்தில் ஒரு பதில் இருக்கிறது. கார்லோஸின் பேரன் ரோஜர் கிரேஸி. கறுப்பு பெல்ட்டில் பத்து உலகப் பட்டங்கள். முதல் மாதம் கற்றுக்கொடுக்கிற நாலே நாலு வித்தைகளை வைத்துக்கொண்டு உலகத்தைத் தட்ட வைத்தவர். அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2023 ஆகஸ்டில் சென்னைப் புறநகரில் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் போட்டி. பயிற்சியாளர் என் பெயரையும் கொடுத்துவிட்டான். வெள்ளை பெல்ட், நாற்பது வயதுக்கு மேல். அந்தப் பிரிவில் மொத்தமே நாலு பேர். வீட்டில் சொன்னபோது மனைவி, 'எதுக்கும் மெடிக்ளெய்ம் கார்டை எடுத்து வெச்சுக்கங்க' என்றாள். அவ்வளவுதான் வழியனுப்பு.

என்னோடு மோதவேண்டியவர் எடை பார்க்கும் வரிசையிலேயே அறிமுகமாகிவிட்டார். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அகலமான மனிதர். கை ஒவ்வொன்றும் உலக்கை. 'சார், காலைல பொங்கல் சாப்ட்டு வந்துட்டேன். தப்பா?' என்று கேட்டார். நான் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டிருந்தேன். எது தப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவருடைய பையன், பத்து வயது இருக்கும், தடுப்புக் கயிற்றை ஒட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். என் மகள் அவனுக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'கொம்பாச்சி!' என்றார் நடுவர். ஆரம்பி என்று அர்த்தம்.

காலரைப் பிடித்தேன். சட்டைக் கையைப் பிடித்தேன். தாவிப் பின்னக்கூடாது, முழங்கால் போய்விடும் என்று எங்களுக்குத் தடை. அதனால் மரியாதையாக உட்கார்ந்து, அவரை உள்ளே இழுத்து, காலைப் பின்னினேன். பூட்டு விழுந்துவிட்டது. அந்தப் புகைப்படம் அப்போது எடுத்ததுதான்.

அப்புறம் நான் ஒன்றுமே செய்யவில்லை.

பொய் சொல்லக்கூடாது. பாதுகாப்பாக இருந்தது. அவர் என் தொடையில் முழங்கையை ஊன்றி அழுத்தினார், வலித்தது, ஆனால் எங்கேயும் போகமுடியவில்லை. எனக்கும் எங்கேயும் போகத் தோன்றவில்லை. இப்படியே ஐந்து நிமிடம் போனால் அவமானம் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு குரல் உள்ளே. அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. அலுவலகத்தில் பல வருடமாக அதன் சொல்படிதான் நடந்துவந்திருக்கிறேன்.

'லூச்சி!' நடுவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஒரு அபராதம். 'அண்ணா, இடுப்பு! இடுப்பை அசைங்க!' என்று பயிற்சியாளர் ஓரத்திலிருந்து அலறினான்.

அவருக்கும் அலுத்துவிட்டது போல. என் மார்பில் வலது உள்ளங்கையை வைத்து, கையை நேராக நீட்டி, எழுந்துகொள்ளப் பார்த்தார். நீட்டிய கை. அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆயிரம் தடவை செய்து பார்த்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்தேன், ஒரு பாதத்தை அவர் இடுப்பில் ஊன்றி உடம்பைத் திருப்பினேன், ஒரு கால் அவர் அக்குளுக்குக் கீழே முதுகில், இன்னொரு கால் முகத்துக்கு மேலே. முழங்கால்களை இறுக்கினேன். அவர் கை என் இரண்டு தொடைகளுக்கும் நடுவே, கட்டைவிரல் மேலே பார்க்க, மார்போடு மார்பாக. இடுப்பைத் தூக்கினேன்.

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு முழு மனிதர் என் பிடியில் இருந்தார்.

அவர் தட்டவில்லை.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் காக்க வைக்கிறேன். இரண்டு கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் கை ஹேலியோவுடையது. 1951 அக்டோபர், ரியோவின் மரக்கானா ஸ்டேடியம். ஜப்பானிலிருந்து வந்த மாபெரும் ஜூடோ வீரர் மசஹிகோ கிமுராவோடு மோதினார். கிமுரா அவரைவிட நன்றாகவே கனமானவர். இரண்டாவது ரவுண்டில் கையைப் பின்னால் முறுக்கிப் பூட்டினார். ஹேலியோ தட்டவில்லை. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, அப்போதும் தட்டவில்லை என்று கிமுரா பிற்பாடு எழுதியிருக்கிறார். கடைசியில் அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கு இன்றைக்கும் ஜியு ஜிட்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிமுரா'. தோற்கடித்தவன் பெயரைத் தோற்றவர்கள் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

இரண்டாவது கை, 2004 உலகப் போட்டியில் எடைப் பாகுபாடு இல்லாத பிரிவின் இறுதிச் சுற்று. நான் சொன்னேனே, ரோஜர் கிரேஸி, அவரோடு மோதியவர் ரொனால்டோ சோசா. 'ஜக்கரே' என்றால்தான் தெரியும். முதலை என்று அர்த்தம். ஜக்கரே புள்ளிக்கணக்கில் முன்னால் இருந்தார். ரோஜருக்கு அவருடைய கை கிடைத்துவிட்டது. முழங்கைப் பூட்டு. முழுதாக நீட்டினார். கை போயிற்று. முதலை தட்டவில்லை. உருவிக்கொண்டு எழுந்தார். செயலிழந்த கையைத் தன் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு, மிச்ச நேரத்தை ஓட்டி, ஜெயித்துவிட்டார். உலகப் பட்டம் அவருக்கு.

இந்த இரண்டு கதைகளையும் வகுப்பில் வாரம் ஒரு தடவையாவது யாராவது சொல்வார்கள். சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். நானும் தழுதழுத்துக் கேட்டிருக்கிறேன்.

இப்போது என் மெத்தைக்குத் திரும்புகிறேன். என் கெண்டைக்காலுக்குக் கீழே அவருடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. கயிற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இன்னும் ஓர் அங்குலம் இடுப்பைத் தூக்கினேன். நெட்டி முறிப்பதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டதா, என் தொடையில் உணர்ந்தேனா, தெரியவில்லை. கிமுராவும் வரவில்லை, முதலையும் வரவில்லை. லேத் பட்டறை என்கிற இரண்டு வார்த்தைதான் மண்டைக்குள் வந்தது.

அடுத்த கணம் அவர் கை என் பிடியில் இல்லை.

என் கால்களை அப்படியே மடித்துத் தள்ளிவிட்டுப் பக்கவாட்டுக்கு வந்து, எண்பது கிலோவையும் என்மீது இறக்கினார். மூன்று புள்ளி. இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. அந்த நிமிடம் முழுக்க அரங்கத்தின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு புறா இருந்தது. இறுதிக் கணக்கு 3-0. கைப்பூட்டு முயற்சிக்காக என் பக்கம் ஓர் அட்வான்டேஜ் போட்டிருந்தார்கள். புள்ளி சமமானால்தான் அதற்கு மதிப்பு. மற்றபடி ஆறுதல் பரிசு.

ஐஸ் பையை முழங்கையில் கட்டிக்கொண்டு அவரே தேடி வந்தார்.

'ஏன் சார் விட்டீங்க?'

'விடலைங்க. வேர்வைல நழுவிடுச்சு.'

'இல்ல சார். விட்டீங்க.'

'நீங்க ஏங்க தட்டலை? உடைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?'

அவர் சிரித்தார். 'பையன் பாத்துட்டிருந்தான் சார்' என்றார்.

எங்கள் பயிற்சியாளருக்கு இரண்டு பேர் மீதும் கோபம். தட்டுவது தோல்வி இல்லை, நாளைக்கு மறுபடி வந்து பழகுவதற்கான டிக்கெட் என்பது அவன் கட்சி. 'மெதுவா அழுத்தணும்ணா. தட்ட டைம் குடுக்கணும். அதுக்கும் தட்டலைன்னா ரெஃப்ரி நிறுத்துவாரு. நீங்க விட்டது தப்பு, அவர் தட்டாதது அதைவிடத் தப்பு. ரெண்டு பேரும் பெரியவங்க. நான் என்னத்தைச் சொல்றது?' என்று தலையில் அடித்துக்கொண்டான்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் மகள் பின்னாலிருந்து கேட்டாள். 'அப்பா, நீ விட்டியா, நழுவிச்சா?' பாடி மேம்பாலத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததால் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மெதுவாக ஓட்டியும் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு ஒரு இடத்தில் என் முழங்கால்கள் லேசாக விலகுகின்றன. அவர் இழுத்ததால் விலகியதா, விலகியதால் அவர் இழுத்தாரா? பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தேன் என்று நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பிடி போய்விட்டது என்று இன்னும் நான்கு பேரிடம். கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் எந்தக் கதை என்று முடிவு செய்வேன். என் நிலைமையில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் செய்வீர்கள்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். முழங்கை வீங்கி மூன்று வாரம் பட்டறைக்கே போக முடியவில்லையாம். பையன்களை வைத்து ஓட்டினாராம். இரண்டு ஆர்டர் கை மாறிப் போய்விட்டதாம். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். 'சார், அந்தப் பூட்டுலேர்ந்து எப்படி வெளிய வர்றதுன்னு எங்க கோச் சொல்றது புரியலை. ஞாயித்துக்கெழமை உங்க கிளாஸுக்கு வரட்டுமா?' என்றார்.

வந்தார். பையனையும் கூட்டி வந்தார். அவன் நான் கொசுவுக்கு ரத்த தானம் செய்த அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் மல்லாந்து படுத்தேன். அவர் என் கால்களுக்கு நடுவே மண்டி போட்டார். பூட்டினேன். வலது கையை என் மார்பில் வைத்து நீட்டினார். மணிக்கட்டைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, காலை முகத்துக்கு மேலே போட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக முழங்கால்களைச் சேர்த்தேன்.

என் தொடையில் பட் பட்டென்று இரண்டு தட்டு விழுந்தது. நான் இன்னும் இடுப்பைத் தூக்கவே இல்லை.